பிரபலங்களைக் கொன்றுகொண்டிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய துப்பறியும் நாவலை ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்தேன், முடிக்கும்போது ராத்திரி பதினொன்று. நடிகர், பாடகி, கிரிக்கெட் வீரர், செய்தி வாசிப்பவர், மறுபடியும் ஒரு நடிகர் என்று ஐந்து பேரை நீ தீர்த்துக்கட்டும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது (இதைச் சத்தமாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்). உன் துப்பறிவாளரைத்தான் பிடிக்கவில்லை. மனிதருக்கு வேலையே இல்லை. கொலைகாரன் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சீட்டை வைத்துவிட்டுப் போகிறான், இவர் அதை எடுத்துக் கண்ணை மூடி யோசித்து அடுத்த இடத்துக்குப் போகிறார், இறைத்த தானியத்தைக் கொத்திக்கொண்டே போகும் கோழி மாதிரி.

நிஜத்தில் தொடர் கொலைகாரர்கள் பெரும்பாலும் பிரபலங்கள் பக்கம் போவதில்லை. தேட ஆள் இல்லாதவர்களைத்தான் பார்த்து எடுப்பார்கள். அமெரிக்காவில் கேரி ரிட்ஜ்வே என்பவன் 2003-இல் 48 கொலைகளை ஒப்புக்கொண்டான். பாலியல் தொழில் செய்த பெண்களைக் குறிவைத்தது ஏன் என்பதற்கு அவன் சொன்ன காரணங்களில் ஒன்று, அவர்களைக் காணோம் என்று உடனே யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள் என்பது. உன் ஆள் தொடுகிறவர்களோ ஒரு மணி நேரம் போன் எடுக்கவில்லை என்றாலே மேனேஜர் பதறிப்போகும் ரகம். சரி, அப்படி ஒருவனை வைத்து எழுதக் கூடாதா என்றால் தாராளமாக எழுது. ஆனால் அங்கே போலீஸுக்குத் துப்பு கிடைக்காமல் இருக்காது, கொட்டோ கொட்டென்று கொட்டும். அதுதான் அவர்களை மூழ்கடிக்கும்.

இங்கிலாந்தின் பீட்டர் சட்கிளிஃப் வழக்கைத் தேடிப் படி. 13 பெண்களைக் கொன்றவன். போலீஸ் அவனை ஒன்பது தடவை விசாரித்திருக்கிறது, ஒன்பது தடவையும் விட்டுவிட்டது! எல்லாத் தகவலையும் அட்டைகளில் எழுதி அடுக்கிய காலம் அது, அட்டைகளின் கனம் தாங்காமல் அந்த அறையின் தரையையே பலப்படுத்த வேண்டியிருந்ததாம். இவனைப் பற்றி ஒருவர் எழுதிய அட்டை ஒரு பக்கம், இன்னொருவர் எழுதியது வேறு பக்கம். இந்த லட்சணத்தில் 1979-இல் எவனோ ஒருத்தன் தன்னையே கொலைகாரனாகக் காட்டிக்கொண்டு ‘நான்தான் ஜாக்’ என்று பேசி ஒரு ஒலிநாடாவை அனுப்ப, விசாரணை அதிகாரிகள் அதை அப்படியே நம்பினார்கள். நாடாவில் இருந்த பேச்சு வேறு வட்டாரத்துப் பேச்சு, சட்கிளிஃபின் பேச்சு அப்படி இல்லை, ஆகவே அவன் மேல் விழ வேண்டிய சந்தேகம் விழவில்லை. அதற்கப்புறம் இன்னும் மூன்று பெண்கள் செத்தார்கள். 1981 ஜனவரியில் அவன் மாட்டியது காரில் இருந்த போலி நம்பர் பிளேட்டால். நாடா அனுப்பியவன் டிஎன்ஏ மூலம் சிக்கி 2006-இல் எட்டு ஆண்டு சிறைத் தண்டனை வாங்கினான்.

செத்தவர்களில் ஒருவர்கூடப் பிரபலம் இல்லாத வழக்கிலேயே இந்தக் கூத்து. உன் கதையில் செத்திருப்பது சூப்பர் ஸ்டார். ‘நான்தான் கொன்றேன்’ என்று எத்தனை பேர் போன் செய்வார்கள், பழைய பகையைத் தீர்த்துக்கொள்ள எத்தனை பேர் பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிக்கொடுப்பார்கள்? நாலாயிரம் கடிதத்தில் ஒன்று மட்டும் நிஜம், அதை உன் துப்பறிவாளர் முதல் நாளே பைத்தியக்காரக் கடிதங்களின் கட்டில் போட்டுவிட்டார் என்று வை. அந்த நாவலை நான் தூங்காமல் படிப்பேன்.

இன்னொன்று, கொலைகாரன் எப்படி நெருங்குகிறான் என்பது. நீ கேமராவை முடக்குகிறாய், மாறுவேடம் போடுகிறாய், ஒரு இடத்தில் ஹெலிகாப்டர் வேறு. பாடகர் ஜான் லெனனைக் கொன்றவன் 1980 டிசம்பர் 8 சாயங்காலம் அவரிடமே இசைத்தட்டில் கையெழுத்து வாங்கினான், ராத்திரி அதே வாசலில் சுட்டான். நடிகை ரெபெக்கா ஷேஃபரின் முகவரி 1989-இல் கொலைகாரன் கைக்குப் போனது ஒரு தனியார் துப்பறிவாளர் வழியாக, அதுவும் கலிஃபோர்னியாவின் வாகனப் பதிவுத் துறை ஆவணத்திலிருந்து. அவன் நேராகப் போய் அழைப்பு மணியை அடித்தான். உன் ஹெலிகாப்டரை விட அந்த மணிதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ எழுதுவதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் நிஜ வழக்கு ஆண்ட்ரூ குனானன். 1997 ஜூலை 15 அன்று அமெரிக்காவின் மயாமி பீச் நகரத்தில், ஆடை வடிவமைப்பாளர் ஜானி வெர்சாச்சியைச் சுட்டவன். அதற்கு ஒரு மாதம் முன்பே எஃப்பிஐயின் தேடப்படும் பத்துப் பேர் பட்டியலில் வந்துவிட்டவன், ஜூலை 7 அன்று அதே ஊரில் திருட்டுத் தங்க நாணயம் ஒன்றைச் சொந்தப் பெயரில், கட்டைவிரல் ரேகையும் வைத்து, அடகு வைத்திருக்கிறான். அந்தத் தாள் போலீஸுக்கே போயிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. இப்படி ஒரு தாளை உன் கதையில் வை, போதும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. வெர்சாச்சி அவன் கொன்ற ஐந்தாவது ஆள். நாலாவது ஆள் ஒரு கல்லறைத் தோட்டத்தின் பராமரிப்பாளர். அவரைக் கொன்றது அவருடைய பிக்கப் வண்டிக்காக, அவ்வளவுதான். வெர்சாச்சி செத்த பிறகு, பக்கத்திலிருந்த வாகன நிறுத்துமிடத்தில் அந்த வண்டி கிடைத்துத்தான் கொலைகாரன் யார் என்று போலீஸுக்குப் பிடி கிடைத்தது. குனானன் பெயரைச் சொன்னதும் எல்லாரும் வெர்சாச்சி என்கிறார்கள், அந்த மனிதரை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

உன் ஏழாவது அத்தியாயத்தில், முதல் நடிகரின் காரில், ‘டிரைவரும் இறந்துகிடந்தார்’ என்று ஒரே ஒரு வரி வருகிறது. அதற்கப்புறம் முந்நூறு பக்கத்துக்கு அவர் பேச்சே இல்லை. துப்பறிவாளரும் கேட்கவில்லை, நீயும் எழுதவில்லை, நானும் முதல் வாசிப்பில் கவனிக்காமல் தாண்டிப் போனேன். அவருக்கு ஒரு பெயர் வை. அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னது யார் என்று எழுதி அந்த அத்தியாயத்தை மட்டும் முதலில் அனுப்பு.

அன்புடன்,
அக்கா