பக்கத்து வீட்டுப் பொடியன்

அன்புள்ள மச்சான்,

மார்ச் மாதம் வந்த உன் கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் ஒப்பரேஷன் முடிந்ததா, இல்லை இன்னும் நாள் கடத்துகிறாயா? றக்பியில் இரண்டு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளுகிற ஸ்க்ரம்முக்குள் பயமில்லாமல் தலை கொடுத்தவன், ஊசியைக் கண்டால் ஓடுகிறான் என்று மலர் போனில் முறையிட்டாள். இங்கே மெல்பேர்ணில் எல்லாரும் சுகம். மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. 2025 ஜூலையில் பிரிட்டன், அயர்லாந்து ஆட்டக்காரர் சேர்ந்த லயன்ஸ் அணி அவுஸ்திரேலியாவோடு ஆடிய முதல் றக்பி டெஸ்ட் அன்றைக்கு நீ வட்சப்பில் இரண்டு சொல் போட்டாய்: "காசுக்கு ஓடினவன்." பிரிஸ்பேனில் ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மெல்பேர்ணில் பிறந்த சியோனே துய்புலோட்டு லயன்ஸுக்காகப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றி முதல் ட்ரை வைத்தான், நீ உடனே அதை எழுதினாய். நான் பதில் போடவில்லை. வட்சப்பில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் போன மாதம் நானே ஒருவனை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு வந்தேன்.

பக்கத்து வீட்டுப் பொடியனை உனக்குத் தெரியும். 2017-இல் நீ இங்கே வந்து நின்றபோது வேலிக்கு மேலால் பந்தை அடித்து உன் தேத்தண்ணிக் கோப்பையை உடைத்தானே, அவன்தான். அப்போது பத்து வயது. இப்போது பதினெட்டு. நூற்றிருபது கிலோ, வாசலால் வரும்போது தலையைக் குனிந்துதான் வருவான். டைட்ஹெட் புரொப், ஸ்க்ரம்மின் முன்வரிசையில் வலது பக்கம் நின்று தாங்குகிறவன். தகப்பன் லொறி ஓடுகிறார், தாய் முதியோர் இல்லத்தில் இரவு வேலை. அதனால் ஆறு வருடம் அவனைப் பயிற்சிக்கு ஏற்றி இறக்கியது என் கார்தான். பின் சீற்றில் இன்னும் அவனுடைய பூட்ஸ் மண் ஒட்டிக் கிடக்கிறது.

அவன் பிரான்சுக்குப் போய்விட்டான். ஒரு கிளப்பின் அகடமிக்கு, மூன்று வருட ஒப்பந்தத்தில்.

ஒப்பந்தத்தை எங்கள் சமையலறை மேசையில் வைத்துத்தான் வாசித்தோம். கணக்குப் பார்க்கிறவன் என்பதால் தாய் என்னிடம் கொண்டுவந்தாள். பிரெஞ்சில் ஒரு பிரதி, ஆங்கிலத்தில் ஒரு பிரதி. சம்பளத்தைப் பார்த்தால் நீ சிரிப்பாய். தகப்பன் லொறியில் எடுக்கிறதுகூட வராது. தங்குமிடம், சாப்பாடு, மொழி வகுப்பு, வருடத்துக்கு ஒரு தடவை ஊர் வந்துபோக டிக்கெட். காயப்பட்டால் யார் செலவு, எத்தனை மாதம் சம்பளம் வரும் என்ற பக்கத்தை நான் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு மூன்று தடவை வாசித்தேன். பொடியன் கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தான். எல்லாம் முடிந்து தாய் எழும்பிப் போன பிறகு கேட்டான்: "அங்கிள், நான் போனால் இங்கே என்னை மறந்துவிடுவார்களா?"

காசுக்கு ஓடுகிறவன் கேட்கிற கேள்வியா மச்சான் அது?

அவன் ஏன் போகிறான் என்று சொல்கிறேன், கேள். மெல்பேர்ணில் றெபெல்ஸ் என்று ஒரு தொழில்முறை றக்பி அணி இருந்தது, 2011 தொடக்கம். யாரா ஆற்றங்கரை மைதானத்தில் உன்னையும் ஒரு நாள் கூட்டிப்போனேன், குளிரில் என் மப்ளரையும் பறித்துக்கொண்டாய். 2024 ஜனவரியில் அது கடனில் மூழ்கி நிர்வாகிகளின் கைக்குப் போனது. அதே வருடம்தான் அந்த அணிப் பொடியன்கள் சூப்பர் றக்பிப் போட்டியில் முதல் தடவையாகக் காலிறுதிக்கு வந்தார்கள். வெலிங்டனில் ஹரிக்கேன்ஸிடம் தோற்றார்கள், அதுவே அந்த அணியின் கடைசி ஆட்டம். சீசன் முடிய மூடுகிறோம் என்று நாட்டு றக்பியை நடத்துகிற றக்பி அவுஸ்திரேலியா அமைப்பு அதற்கு முன்பே அறிவித்துவிட்டது. மூடப்போகிற அணிக்காக அந்தப் பிள்ளைகள் எப்படி விளையாடினார்கள் என்று நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

இப்போது மிச்சம் பிரிஸ்பேன், சிட்னி, கன்பெரா, பேர்த். நாலே நாலு அணி. அணிக்கு முப்பத்தைந்து பேர் என்று வைத்தாலும் நாடு முழுவதற்கும் நூற்றைம்பது இடம் இல்லை. பிரான்சில் முதல் டிவிஷனில் 14 கிளப், இரண்டாவதில் 16. முப்பது கிளப்பும் தொழில்முறை. யப்பானில் சன்டோரி, டொயோட்டா என்று பெரிய கம்பனிகளின் பெயரில் அணிகள். ஐம்பது லட்சம் பேர் வாழ்கிற மெல்பேர்ணில் ஒரு புரொப்புக்கு ஒரு வாசல்கூட இல்லை. எங்கள் பொடியனை வேறு மாநிலத்து அகடமி ஒன்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தது. "அடுத்த வருடம் பார்ப்போம்" என்றார்கள். அதற்குப் பிறகு ஒரு போன்கூட இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் அவனுடைய பாடசாலை ஆட்டங்களின் வீடியோவை வெட்டி, எந்த நிமிடத்தில் அவன் தோள் எங்கே இருந்தது என்று குறித்து மின்னஞ்சல் அனுப்பினார்கள்.

அவர்கள் ஒன்றும் தர்மத்துக்குச் செய்யவில்லை, அதுவும் எனக்கு விளங்கும். பிரான்சில் ஒவ்வொரு அணியிலும் உள்நாட்டில் பயின்ற ஆட்டக்காரர் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, ஜிஃப் என்பார்கள். எங்கே பிறந்தாலும் பரவாயில்லை, இருபத்தொரு வயதுக்கு முன் மூன்று வருடம் பிரெஞ்சு அகடமியில் இருந்தால் அவனும் அந்தக் கணக்கில் சேருவான். அதனால்தான் பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத் தேடி அலைகிறார்கள். இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருந்தால் ஐந்து வருட வதிவிடம் முடிந்து, பிரெஞ்சுக் கடவுச்சீட்டும் கிடைத்தால் பிரெஞ்சு அணிக்கே ஆடலாம். இமானுவேல் மியாஃபுவைப் பார். நியூசிலாந்தில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்த பிள்ளை, இங்கே இடம் கிடைக்காமல் 2018-இல் துலூஸுக்குப் போனான். 2024-இல் பிரான்சின் நீல ஜேர்சியில் இறங்கினான். அவ்வளவு பெரிய உடம்பை யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைக்கவா முடியும்? இங்கே ஒருவருமே காணவில்லை.

நீ திட்டிய துய்புலோட்டு யார்? இதே மெல்பேர்ணில், பிராங்ஸ்டனில் பிறந்தவன். இதே றெபெல்ஸில் தொடங்கியவன். இங்கே இடம் நிலைக்காமல் யப்பானுக்குப் போய், அங்கிருந்து 2021-இல் கிளாஸ்கோவுக்குப் போனான். பாட்டி ஸ்கொட்லாந்துக்காரி. 2024 நவம்பரில் எடின்பரோவின் மறிஃபீல்ட் மைதானத்தில் ஸ்கொட்லாந்துக்குக் கப்டனாக நின்று அவுஸ்திரேலியாவை 27–13 என்று அடித்தான். லயன்ஸ் அணியில் வந்த மாக் ஹான்சனும் ஃபின்லே பீலமும் கன்பெராப் பிள்ளைகள், இப்போது அயர்லாந்துக்காரர். இவர்கள் எல்லாரையும் ஓடினவர்கள் என்று சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது?

நியூசிலாந்தைப் பார், வெளியே போனால் கறுப்பு ஜேர்சி இல்லை, தேசிய அணியில் இடமில்லை என்று நீ எப்போதும் சொல்வாய். அங்கே பிள்ளை பிறந்தால் கையில் பந்துதான். இங்கே அப்படியா? மெல்பேர்ணில் நீள்வட்டப் பந்து என்றால் அவுஸ்திரேலியப் புட்போல் என்ற வேறு விளையாட்டு. சிட்னியில் றக்பி லீக் என்ற இன்னொரு வகை றக்பிக்காரர் காசுக் கட்டோடு நிற்கிறார்கள். மார்க் நவகனிடவாசே என்ற அருமையான விங்கர் நாட்டை விட்டுப் போகவே இல்லை, 2024-இல் நகரத்துக்குள்ளேயே லீக் பக்கம் போய்விட்டான்.

கிட்டோ சட்டம் வந்த 2015-இல் நாம் இரண்டு பேரும் போனில் சண்டை பிடித்தது நினைவிருக்கிறதா? 60 டெஸ்ட் ஆடி, 7 வருடம் இங்கே உழைத்தவன் வெளிநாட்டுக் கிளப்பில் இருந்தாலும் தேசிய அணிக்கு எடுக்கலாம் என்ற விதி. பிரான்சில் துலோன் கிளப்பில் இருந்த மட் கிட்டோவும் ட்ரூ மிட்செலும் வந்தார்கள், அந்த வருடம் உலகக் கிண்ண இறுதி வரை போனோம். அப்போது நான் அந்தச் சட்டத்துக்குக் கை தட்டினேன். இப்போது யோசித்தால், 60 டெஸ்ட் ஆடினவனுக்கு அது பரிசு, பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது? பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தளர்த்தித்தான் ஆக வேண்டி வந்தது. வில் ஸ்கெல்டன் 60-க்குக் கிட்டவும் வராதவன், பிரான்சில் லா ரொஷெலில் ஆடிக்கொண்டே 2023 உலகக் கிண்ணத்துக்குக் கப்டனாக வந்தான். தென்னாபிரிக்கா 2019-இல் அந்த மாதிரி விதியைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு உலகக் கிண்ணம் எடுத்தது. ஜேர்சியைக் கயிறாக்கிக் கட்டி வைக்கிற காலம் போய்விட்டது மச்சான்.

எனக்குள்ள ஆத்திரம் வேறு. லீக்கில் இருந்து ஜோசப் சுவாலியைக் கொண்டுவர ஐந்து மில்லியன் டொலர் அளவில் கொடுத்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. லண்டனில் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் தன் முதல் டெஸ்டிலேயே இங்கிலாந்தை 42–37 என்று வெல்ல உதவினான், நான் இரவிரவாக முழித்திருந்து பார்த்துக் கத்தினேன். ஆனால் அதில் ஒரு பங்கு போதும், பதினாறு வயது தொடக்கம் இருபது வரை உள்ள பிள்ளைகளை இங்கேயே பிடித்து வைத்திருக்கலாம். சாப்பாடு, ஜிம், "உன்னை மறக்கவில்லை" என்று மாதம் ஒரு போன். 2027-இல் உலகக் கிண்ணம் இங்கேதான் நடக்கப்போகிறது. அதை எந்தப் பிள்ளைகள் பார்த்து எந்த அணியில் சேர?

லயன்ஸின் இரண்டாவது டெஸ்டுக்குப் பக்கத்து வீட்டுப் பொடியனையும் கூட்டிக்கொண்டு இங்கேயுள்ள எம்சிஜி மைதானத்துக்குப் போனேன். தொண்ணூறாயிரம் சனம். 23–5 என்று முன்னால் நின்றோம், கடைசி நிமிடத்தில் 29–26 என்று போனது. என்னைச் சுற்றி ஆட்கள் தலையில் கை வைத்து நின்றார்கள். அவன் பந்தைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு ஸ்க்ரம்முக்கும் புரொப்மாரின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், தன் பாதத்தைக் கொங்கிறீற்றில் அதே மாதிரி வைத்து வைத்து எடுத்தான்.

விமான நிலையத்தில் தாய் அவனுக்கு மிட்டாய் மாலை போட்டாள், டொங்கா தீவுக் குடும்பங்களில் அப்படித்தான் வழியனுப்புவார்கள். செலோபேனில் சுற்றின மிட்டாய்கள் அவன் நடக்க நடக்கச் சரசரத்தன. தகப்பன் ஒரு சொல்லும் பேசவில்லை. பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் முன் பொடியன் திரும்பி வந்து என் தோளைப் பிடித்தான், கை ஈரமாக இருந்தது.

எனக்குக் கட்டுநாயக்கா விமான நிலையம் நினைவு வந்தது. 1987. வான் வண்டியில் என்னைக் கொண்டுவந்து விட்டவன் நீ. பெட்டியை இறக்கி வைத்தாய், "போறவன் போ" என்றாய், கை தரவில்லை. பிறகு இரண்டு வருடம் கடிதம் இல்லை. அந்த இரண்டு வருடத்தைப் பற்றி உன்னிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. நின்றவனுக்கும் வலி இருந்திருக்கும். ஆனால் உன் வட்சப்பைப் பார்த்தபோது அந்தக் குரல்தான் கேட்டது. எனக்கு அங்கே இடம் இருந்திருந்தால் நான் போயிருப்பேனா என்று உனக்குத் தெரியும்.

சரி, விடு. உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. பொடியனுக்கு அகடமியில் முதல் பயிற்சி ஆட்டம் முடிந்துவிட்டது, வீடியோ அனுப்பியிருக்கிறான். உனக்கும் அனுப்புகிறேன், பெரிய ரீவியில் போட்டுப் பார். ஸ்க்ரம் அசைகிற நேரம், ஹூக்கரைப் பிடிக்கிற அவனுடைய இடது கை தளருகிற மாதிரி எனக்குப் படுகிறது. நீ பத்து வருடம் ஹூக்கராக முன்வரிசை நடுவில் நின்று அந்தக் கையில் தொங்கினவன், உனக்குத்தான் சரியாகத் தெரியும். பார்த்து எழுது. நான் அவனுக்கு ஆங்கிலத்தில் மாற்றி அனுப்புகிறேன். அடுத்த சனிக்கிழமை இன்னொரு ஆட்டம் இருக்கிறது, அதற்கு முன் கிடைத்தால் நல்லது.

மலருக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

உன்,
சிவா