மிருதங்க வகுப்புக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

திருப்பரங்குன்றத்தில் சனி, ஞாயிறு நடக்கும் இலவச மிருதங்க வகுப்பின் வாத்தியங்கள் மறுபடியும் சுருதிக்கு வந்துவிட்டன. அதற்கு உழைத்தவர்களுக்கு, வகுப்பு நடத்தும் எங்கள் நன்றி.

முதலில் மூட்டு (மிருதங்கத்தின் வாயில் பூட்டும் தோல் தலை) கட்டிக் கொடுத்த அண்ணனுக்கு. தோல் விலை மட்டும் வாங்கினார். கூலி வேண்டாம் என்றுவிட்டார். வலப்பக்கத் தோலான வலந்தலைக்குச் சாதம் என்னும் நடுக் கருவட்டம் போடுவது அவசரத்துக்கு ஆகாத வேலை. கிட்டக்கல் என்னும் கரிய கல்லின் பொடியைச் சோற்றோடு பிசைந்து மெல்லிசாக ஒரு பூச்சு, கல்லால் தேய்த்து ஈரம் போன பிறகுதான் அடுத்தது. வெயிலில் போட்டுக் காயவைத்தால் வெடித்து உதிரும். தோல் வாரை இழுத்துக் கட்டியபின், அது கோத்திருக்கும் 16 கண்ணிலும் நாதம் ஒன்றாகப் பேசும்வரை அவர் விடவில்லை. தோலின் விளிம்பைச் சுற்றியுள்ள பின்னலை மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும் என்று பெரிய பிள்ளைகளுக்குக் காட்டியும் கொடுத்தார்.

சுருதி கொஞ்சம் இறங்கினால்தான் என்ன என்று கேட்ட பெற்றோருக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். ‘நம்’ என்ற அடியை வாசிக்க மோதிர விரல் சாதத்தின் ஓரத்தில் பட்டும் படாமலும் இருக்க, ஆள்காட்டி விரல் விளிம்பில் விழ வேண்டும். தோல் தளர்ந்திருந்தால் நாதம் எழும்பாது. பிள்ளை ஓங்கி அடிக்கும், மணிக்கட்டு இறுகிவிடும். இறுகிய கையைத் திருத்துவது, புதுக் கைக்குச் சொல்லிக் கொடுப்பதைவிடப் பெரும்பாடு.

மாதாமாதம் ரவை தரும் மளிகைக்கடை அண்ணாச்சிக்கு நன்றி. இடப்பக்கத் தோலான தொப்பியின் நடுவை ஈரமாக்கி, சிறு எலுமிச்சை அளவு ரவையைத் தண்ணீரில் பிசைந்து அப்ப வேண்டும். கூடினால் சத்தம் மந்தமாகும், குறைந்தால் ‘கும்’ என்று அதிரும் கும்காரம் வராது. வாசித்து முடித்ததும் சுரண்டித் துடைக்காவிட்டால் தோல் ஊறும், எலியும் வந்துவிடும். அந்தச் சுரண்டும் வேலையைப் பார்க்கும் அம்மாக்களுக்கு நாங்கள் நிரந்தரக் கடன்காரர்கள்.

மாடி அறையை வாடகையின்றித் தந்த மண்டபத்தாருக்கும், ஆரம்பப் பாடம் சொல்லித் தர வரும் பசுமலை அரசு இசைக் கல்லூரித் தம்பி தங்கைகளுக்கும், உறை தைத்த டெய்லர் அக்காவுக்கும் நன்றி.

ஐப்பசி மழைக்குள் இன்னும் இரண்டு உறை வேண்டும். கெட்டியான பழைய பருத்திப் போர்வை இருந்தால் அக்கா கடையில் கொடுத்துவிடுங்கள். நைலான் மட்டும் வேண்டாம், உள்ளே வியர்க்கும்.

அன்புடன்,
வகுப்பு நடத்துவோர்