ஸ்டேஷன் மாஸ்டரும் பெலகேயா கிழவியும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். நீ தாலுகா அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு படத்தைப் பற்றி உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றே இருக்கிறது. ரஷ்யாவில் யாகொவ் புரொதஸானவ் எடுத்து 1928இல் வந்த ஊமைப்படம், ‘டான் தியேகோவும் பெலகேயாவும்’.

ஒரு சின்ன ஊர் ரயில்வே ஸ்டேஷன். அதன் மாஸ்டருக்கு வாள்சண்டைக் கதைகள் என்றால் உயிர். படித்துப் படித்துத் தன்னையே டான் தியேகோ என்ற ஸ்பெயின் நாட்டு வீரனாக நினைத்துக்கொள்கிறவர். படம் தொடங்குவதே அந்தக் கனவுச் சண்டையில்தான். அப்போது பார்த்து பெலகேயா என்ற கிழவி, கூடாத இடத்தில் தண்டவாளத்தைக் கடக்கிறாள். அறிவிப்புப் பலகை இருக்கிறது. அவளுக்கோ எழுத்து தெரியாது. மாஸ்டர் அவளைப் பிடித்து, எழுதி, வழக்காக்க, கடைசியில் ஜெயிலுக்கே அனுப்பிவிடுகிறார்கள். அவள் புருஷன் கிழவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார்.

இந்தக் கதை லஞ்சத்தைப் பற்றியதே அல்ல, தம்பி. லஞ்சம் வாங்காதே என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதும் இல்லை. என் பயம் வேறு. அந்த மாஸ்டர் அரசாங்கம் கொடுத்த அதிகாரத்தைத் தன் வீராப்புக்குத் தீனியாக்குகிறார். அதுவும் களவுதான். அவருக்கு மேலே இருக்கிறவர்கள் இன்னும் மோசம். காகிதம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், கிழவியைப் பார்ப்பதில்லை. ஒவ்வொருவரும் விதிப்படிதான் நடக்கிறார், அவள் உள்ளே போய்விடுகிறாள்.

பெலகேயாவாக நடித்தவர் மரியா புளூமெந்தால்-தமாரினா. 1859இல் பிறந்தவர், பெரிய நாடக நடிகை. தன்மேல் என்ன குற்றம் என்றே விளங்காமல் அவர் விழிப்பதைப் பார்க்கையில், நம் ஊர் அலுவலகத் திண்ணைகளில் மனுவோடு உட்கார்ந்திருக்கும் பாட்டிகள்தான் எனக்குத் தெரிந்தார்கள்.

முடிவில் கம்யூனிஸ்ட் இளைஞர் சங்கத்துப் பிள்ளைகள் முயன்று அவளை மீட்கிறார்கள். அதிகாரிகளின் மெத்தனத்தைக் கண்டித்து அரசே பிரசாரம் செய்த காலம் அது. எனக்கு அந்த முடிவு ஒப்பவில்லை. அப்படிப் பிள்ளைகள் இல்லாத ஊரில் பெலகேயா என்ன ஆவாள்?

லீவு நாளில் பார். அந்தக் கிழவர் வந்து நின்ற முதல் மேஜையில் நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று யோசித்து எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா