மெடல் சரி, எங்கே வழி தவறியது என்று யார் சொல்வது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மேப்பும் திசைகாட்டியும் கையில் வைத்துக்கொண்டு ஆரஞ்சு-வெள்ளைக் கொடி கட்டிய கன்ட்ரோல்களை (மேப்பில் குறித்த, போய்ச் சேர வேண்டிய இடங்களை) வரிசையாகத் தேடி ஓடுகிற ஓரியண்டியரிங் சென்னையில் இப்போதுதான் மெல்லத் தலைகாட்டுகிறது. நல்ல விஷயம். ஆனால் முதல் மூன்று பேருக்கு மெடல், குரூப் போட்டோ, அப்புறம் வெயில் ஏறுவதற்குள் எல்லோரும் டிபனுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கடைசியில் வந்த பையனுக்குத் தெரிவது தன் மொத்த நேரம் மட்டும்தான். விடைத்தாளைக் காட்டாமல் மதிப்பெண்ணை மட்டும் சொல்லி அனுப்பினால் யார் தேறுவார்கள்?

அமைப்பாளர்களிடம் நான் கேட்பது அரை மணி நேரம். புதியவர்களை அனுபவசாலி ஒருவரோடு நிழலில் உட்கார வையுங்கள். வாட்சில் இருக்கும் ஜிபிஎஸ் பாதையை உடனே பார்க்க விடாதீர்கள்; ஓடிய வழியை முதலில் நினைவிலிருந்து மேப்பில் பேனாவால் வரையட்டும். அதன் பிறகு ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டால், ஆள் இருந்த இடமும் இருப்பதாக நினைத்துக்கொண்ட இடமும் எங்கே பிரிந்தன என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். நம் ஊர் தட்டை, மேடு பள்ளம் பார்த்து இடத்தை உறுதிசெய்ய வழியில்லை, வளாகத்துக்குள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி நாலு பிளாக் நின்றால் பக்கத்து பிளாக்கைப் பார்த்து இதுதான் என்று போய்விடுவது இங்கே சகஜம். 1:4000 மேப்பில் ஒரு சென்டிமீட்டர் என்பது வெறும் 40 மீட்டர், ஓடுகிற வேகத்தில் சட்டென்று தாண்டிவிடுவோம்.

ஸ்ப்ளிட் சீட்டு இருந்தால் ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் இடையே எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியும். அதை முதலிடத்துக்காரரோடு ஒப்பிட்டு மனம் நோகடிக்க வேண்டாம் (அவர் கால் வேகம் வேறு). தன் மற்ற ஸ்ப்ளிட்டுகளோடு சேர்த்துப் பார்க்கும்போது எந்த ஒன்று தூரத்துக்குப் பொருந்தாமல் நீள்கிறதோ, அதைப் பற்றி மட்டும் பேசினால் போதும். கிளம்பும்போது மேப்பை வடக்குக்குத் திருப்பிப் பிடித்தாயா? கொடிக்குப் பக்கத்தில் தப்பவே முடியாத ஓர் அடையாளத்தை முதலில் குறிவைத்தாயா? வழி தவறிவிட்டது என்று எப்போது உறைத்தது, உறைத்த பிறகும் எவ்வளவு தூரம் ஓடினாய்? பெரும்பாலும் நேரம் போவது இந்தக் கடைசிக் கேள்வியில்தான்.

இன்னொன்று, அடுத்து ஓடுபவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று முடித்தவர்களிடமிருந்து மேப்பை வாங்கி வைப்பது நியாயம்தான். கடைசி ஆள் கிளம்பியதும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பேனாவை அவர்களே கொண்டுவருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வேளச்சேரி, சென்னை