அந்தக் குழாயை ஒருமுறை அளந்து சொல்

அன்புள்ள அம்மு,

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "நான் இப்ப பாப்பா ரூம்லதான் படுக்கிறேன்மா, அந்த மெஷின் சத்தம் ஒத்துக்கல" என்று சொன்னாய், மாப்பிள்ளை தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்று கொடுக்கும் அந்தப் புது சீபேப் மெஷினைத்தான். சொன்ன கையோடு பாப்பாவின் ஸ்கூல் கதைக்குப் போய்விட்டாய். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அதனால் நானும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் நாலு நாளாக அந்த ஒரு வரி மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. போனில் இதைப் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். எழுதினால் உட்கார்ந்து படிப்பாய்.

அப்பாவுக்கு சீபேப் மெஷின் வந்த கதை உனக்கு முழுதாகத் தெரியாது. 2017-இல் உனக்கு நிறைமாதம். அப்பா பொன்மலை பணிமனையிலிருந்து வரும்போது ஸ்கூட்டரோடு விழுந்தாரே, மணலில் சறுக்கிவிட்டது என்று உன்னிடம் சொன்னோமே, அது மணல் இல்லை. சாயங்காலம் ஐந்தரை மணி வெளிச்சத்தில், வண்டி ஓட்டியபடியே கண்ணயர்ந்துவிட்டார். சாலை நடுவே இருந்த தடுப்பில் உரசி விழுந்தார். முழங்கை சிராய்ப்போடு போனது நாம் செய்த புண்ணியம்.

அதைவிட உனக்குச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அந்த மெஷின் அதற்கு மூன்று மாதம் முன்பே நம் வீட்டில் இருந்தது. பீரோவுக்கு மேலே, பெட்டிக்குள். அது அங்கே போனதற்குக் காரணம் நான்.

அப்பாவின் குறட்டை உனக்கும் தெரியும். ஆனால் குறட்டை நிற்கும்போது என்ன நடக்கும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சட்டென்று நிற்கும். நான் இருட்டில் எண்ணுவேன். பத்து, பதினைந்து, சில சமயம் முப்பது வரை போகும். அப்புறம் தண்ணீரில் மூழ்கியவர் தலையைத் தூக்குவது போல ஒரு பெரிய இழுப்பு. மறுபடி குறட்டை. இதை வருஷக்கணக்காக எண்ணியிருக்கிறேன். தூங்கும்போது மூச்சைச் சோதிக்கும் ஸ்லீப் ஸ்டடி எடுத்தபோது மணிக்கு 42 தடவை மூச்சு தடைப்படுகிறது என்று வந்தது. 30-ஐத் தாண்டினாலே கடுமையான ஸ்லீப் ஆப்னியா என்றார் டாக்டர். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு போகும் வழியை அடைத்துக்கொள்கிறது, மெஷின் காற்றை லேசான அழுத்தத்தில் தள்ளி அந்த வழி மூடாமல் பிடித்துக்கொள்ளும் என்று படம் போட்டே விளக்கினார்.

மெஷின் வந்த முதல் ராத்திரி நான் தூங்கவே இல்லை. சத்தம் பெரிதில்லை, மெல்ல ஓடும் ஃபேன் அளவுதான். ஆனால் அது பழக்கமில்லாத சத்தம். மாஸ்க் கொஞ்சம் நகர்ந்தால் "ப்பீ" என்று காற்று பிய்த்துக்கொண்டு வரும். அப்பா என் பக்கம் திரும்பினால் மாஸ்க்கின் முன்னால் இருக்கும் ஓட்டைகளிலிருந்து குளிர்ந்த காற்று நேராக என் கழுத்தில் அடிக்கும். நாலாவது நாள் விடியற்காலை தாங்க முடியாமல், "இதுக்கு உங்க குறட்டையே தேவலை" என்று சொல்லிவிட்டு, தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்து படுத்தேன். அவர் பதில் பேசவில்லை. அப்பா அப்படித்தானே. ஒரு வாரம் ஹாலில் படுத்திருந்தேன். அந்த வாரம் முடியும்போது மெஷின் பீரோ மேல் ஏறியிருந்தது. "தேவைப்படலை" என்றார். நானும் நம்பினேன். நம்ப வசதியாக இருந்தது, அம்மு.

மூன்று மாதம் கழித்து ஸ்கூட்டர். அன்று ராத்திரி அவர் கையில் மருந்து போட்டுவிட்டு நானே பெட்டியை இறக்கினேன்.

நீ பாப்பா ரூமில் படுக்கிறேன் என்றதும் எனக்கு ஏன் வயிற்றைப் பிசைந்தது என்று இப்போது புரிந்திருக்கும். உன்மேல் குற்றம் சொல்லவில்லை. காலையில் ஆறு மணிக்கு எழுந்து, குழந்தையை அனுப்பி, ரயிலைப் பிடித்து வேலைக்குப் போகிறவளுக்குத் தூக்கம் வேண்டும். தனி அறையில் படுப்பதே தப்பு என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் மாப்பிள்ளைக்கு மெஷின் வந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. பழகுகிறாரா, கைவிடுகிறாரா என்பது பெரும்பாலும் இந்த முதல் மாதங்களில்தான் முடிவாகும். இப்போது நடுராத்திரியில் தூக்கத்திலேயே கை போய் மாஸ்க்கைக் கழற்றிவிடும். கழற்றியது அவருக்கே தெரியாது. அப்பாவின் மெஷினில் எத்தனை மணி நேரம் போட்டிருந்தார் என்று தெரியும். நான் திரும்பி வந்து படுத்த முதல் நாள் பார்த்தேன், 2 மணி 40 நிமிஷம். பக்கத்தில் இருந்து தோளை லேசாகத் தட்டி "மாஸ்க்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதித் தூக்கத்திலேயே எடுத்துப் போட்டுக்கொள்வார். இரண்டு மாதத்தில் ஆறரை மணி நேரம் ஆனது. மணிக்கு 42 என்பது 3 ஆனது. நிறுத்தி நிறுத்தி எண்ணிக்கொண்டிருந்த நான் எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல் விழித்துக் கிடந்தேன். ஆமாம், குறட்டை நின்ற பிறகும் ஒரு மாதம் எனக்குத் தூக்கம் வரவில்லை. மூச்சு எப்போது நிற்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே படுத்த உடம்பு, அதை மறக்க நாளாகும். உனக்கும் அப்படி இருந்தால் பயப்படாதே.

இனி உருப்படியான விஷயங்கள்.

அந்த ஓட்டைக் காற்று. எரிச்சலில் நான் ஒரு நாள் அந்தச் சின்ன ஓட்டைகள் மேல் பிளாஸ்டர் ஒட்டப் பார்த்தேன். மெஷின் கொடுத்த டெக்னீஷியன் பையன் தற்செயலாக அன்று வந்தவன், பார்த்துப் பதறிவிட்டான். விடும் மூச்சு வெளியே போவதே அந்த வழியாகத்தானாம். அடைத்தால் கெட்ட காற்றையே திரும்ப இழுக்க வேண்டி வரும். அதனால் ஓட்டையில் கை வைக்காதே. மாஸ்க்கை மாற்றிக் கேளுங்கள். அப்பாவுக்கு முதலில் மூக்கையும் வாயையும் மூடும் பெரிய மாஸ்க் கொடுத்தார்கள். பிறகு மூக்குக்கு மட்டும் உள்ளது மாற்றினோம், காற்றைச் சிதறவிடும் வகை. பாதிப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. மீதிக்கு நடுவில் ஒரு நீளத் தலையணை. நாங்கள் இடத்தையும் மாற்றிக்கொண்டோம். முப்பது வருஷம் ஜன்னல் பக்கம் படுத்தவள் சுவர்ப் பக்கம் வந்தேன், குழாய் என் மேல் புரளாமல் இருக்கட்டும் என்று.

மாப்பிள்ளை ராத்திரி முகத்துக்குக் க்ரீம் தடவுவாரா? வேண்டாம் என்று சொல். நம் வீட்டில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், அந்த ராத்திரி மட்டும் மாஸ்க் வழுக்கிக்கொண்டே இருக்கும். காரணம் புரியவே எங்களுக்கு நாலைந்து சனிக்கிழமை ஆனது. இப்போது படுக்கும் முன் சோப்புப் போட்டு முகம் கழுவிவிடுகிறார். கொசுவர்த்தியையும் நிறுத்திவிட்டேன். மெஷின் அறைக் காற்றைத்தானே இழுத்துக் கொடுக்கிறது, ஃபில்டர் ஒரே வாரத்தில் பழுப்பாகிவிட்டது. கொசுவலைக்கு மாறினோம். வலைக் கம்பியில் அப்பாவே ஒரு கொக்கி செய்து, குழாய் தலைக்கு மேலே தொங்குகிற மாதிரி வைத்தார். இப்போது எந்தப் பக்கம் புரண்டாலும் குழாய் இழுபடாது. கட்டில் தலைமாட்டில் அப்படி ஏதாவது நீங்களும் செய்யலாம்.

"குழாயில் களகளன்னு தண்ணி சத்தம்" என்று முன்பு ஒரு தடவை சொன்னாயே, அது இந்த ஜூலைக் குளிரின் வேலை. ஈரப்பதம் சேர்க்கும் தொட்டியிலிருந்து கதகதப்பாக வரும் காற்று, குளிர்ந்த குழாய்க்குள் பட்டுத் தண்ணீராகிவிடுகிறது. சிட்னி வீடுகள் ராத்திரி எப்படிச் சில்லிட்டுப் போகும் என்று நான் வந்து பார்த்தவள்தானே. மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வான ஸ்டூலில் வையுங்கள், தண்ணீர் முகத்துக்கு வராது. குழாய்க்கு மேல் துணி உறை போட்டால் சத்தமே போய்விடும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மாப்பிள்ளைக்குக் கூச்சம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 38 வயதில் இப்படி ஒரு மாஸ்க்கோடு மனைவி முன்னால் படுக்க எந்த ஆணுக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். அப்பா கல்யாண வீடுகளில் ராத்திரி தங்குவதையே விட்டிருந்தார். இதை மாப்பிள்ளையிடம் சொல். இந்த மெஷின் பிறந்ததே உங்கள் ஊரில்தான். 1980-இல் சிட்னி ராயல் பிரின்ஸ் ஆல்பிரட் ஆஸ்பத்திரியில் கோலின் சல்லிவன் என்ற டாக்டர் செய்தது. அதற்கு முன் இந்த நோய் முற்றியவர்களுக்குத் தொண்டையில் ஓட்டை போடுவதுதான் வைத்தியம். ஓட்டை வேண்டாம் என்று பயந்த நோயாளி ஒருவர்தான் முதலில் இதற்குச் சம்மதித்தாராம். அப்போது மாஸ்க்கை முகத்தில் பசை போட்டு ஒட்டினார்களாம். இதைப் படித்த பிறகு நான் அந்த மெஷினைத் திட்டியதே இல்லை. நீயும் அவர் முன்னால் அதைக் கேலி செய்யாதே, பாப்பாவையும் செய்யவிடாதே. "மூச்சு நல்லா வர்றதுக்கு அப்பா போடுறாங்க" என்று சொன்னால் அவளுக்குப் புரியும்.

இன்னொன்று. அம்மா இதை எழுதலாமா என்று நினைத்துவிட்டு எழுதுகிறேன்.

மாஸ்க் போட்ட பிறகு பேச முடியாது. வாயைத் திறந்தால் காற்று அந்த வழியாகப் பீறிடும். எனக்கு இழந்தது மாதிரி இருந்தது அதுதான். பகல் முழுக்க நாங்கள் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. விளக்கை அணைத்த பிறகுதான் உன் படிப்பு, தம்பி வேலை, சீட்டுப் பணம், யார் வீட்டு விசேஷம் எல்லாம். அந்தப் பேச்சு ஒரே நாளில் நின்றுபோனது. கொஞ்ச நாள் முதுகைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அப்புறம் ஒருநாள் அப்பா, மாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டே, "பத்து மணிக்குப் படுத்துக்கலாம், பத்தரைக்கு இதைப் போட்டுக்கறேன்" என்றார். அந்த அரைமணி நேரம் இந்த 8 வருஷத்தில் ஊருக்குப் போன நாள் தவிர விட்டதில்லை. டிவி கிடையாது, போன் கிடையாது. பத்தரைக்கு அவர் கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மாஸ்க்கைப் போடுவார். மெஷின் மெல்ல ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் ஏறும். அந்த மூச்சு ஒரே சீராக வருவதைக் கேட்டபடியே நான் தூங்கிவிடுகிறேன். ஒருநாள் கரண்ட் போய் மெஷின் நின்றதும் முதலில் எழுந்தது நான்தான். மறுவாரமே இன்வெர்ட்டர் வாங்கினோம்.

உங்களுக்குச் சின்ன வயசு. உங்கள் அரைமணி நேரம் எப்படி இருக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மாஸ்க் கடைசியில் வரட்டும். அவ்வளவுதான் சொல்வேன்.

உடனே இன்றைக்கே திரும்பிப் போய்ப் படு என்று சொல்லவில்லை. வெள்ளி, சனி இரண்டு ராத்திரி மட்டும் ஆரம்பி, மறுநாள் வேலை இல்லாத ராத்திரிகள். காதில் பஞ்சு வைத்துக்கொள். முடியவில்லை என்றால் அதே அறையில் ஓரமாக ஒரு மெத்தை போட்டுக்கொள், கதவுக்கு அந்தப் பக்கம் போகாதே. அப்புறம், நீ ஏன் பாப்பா ரூமுக்குப் போனாய் என்று அவரிடம் வாய்விட்டுச் சொல். நான் ஹாலில் படுத்த வாரத்தைப் பற்றி அப்பா இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் இந்தக் கடிதம் எழுதுவதற்காக இன்று மத்தியானம்தான் அதை அவரிடம் எடுத்தேன். "என்னால உன் தூக்கம் கெட்டுதேன்னுதான் எடுத்து வெச்சேன்" என்றார். 8 வருஷம் கழித்து.

சித்தி மகன் ஆகஸ்ட் கடைசியில் சிட்னி வருகிறான். அவனிடம் இரண்டு சாமான் கொடுத்தனுப்புகிறேன். ஒன்று, அப்பாவின் பழைய வேட்டியில் தைத்த வார் உறை. மாஸ்க் வார் கன்னத்தில் தடம் பதிக்காமல் இருக்கும், மாப்பிள்ளை காலையில் ஆபீஸ் போகும்போது அந்தத் தடத்தோடு போகவேண்டாம். இன்னொன்று குழாய் உறை. அதை என்னுடைய அந்த மாம்பழக் கலர் சுங்குடிப் புடவையில் தைக்கிறேன், துணி நன்றாகத் துவண்டு மெதுவாகிவிட்டது. அப்பாவுடைய குழாய் ஆறடி. உங்களுடையது அதேதானா, சுற்றளவு எவ்வளவு என்று மாப்பிள்ளையை ஒருமுறை அளக்கச் சொல்லி அனுப்பு. நீ டேப்பைப் பிடித்துக்கொள்.

மணி பத்தாகிறது. அப்பா தொட்டியில் தண்ணீர் ஊற்றிவிட்டு என்னைப் பார்க்கிறார்.

அன்புடன்,
அம்மா