சிடி திறக்கிறது, எழுத்துதான் திறக்கவில்லை: மென்பொருள் வாங்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அய்யா, அம்மா, வணக்கம்.

பாளையங்கோட்டையில் 26 வருடமாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கவிதைத் தொகுப்பு, ஆண்டு மலர், ஆய்வேடு என்று அடித்துக் கொடுக்காதது எதுவுமில்லை. அரசு அலுவலகங்களுக்கு எந்த மென்பொருளை வாங்கலாம் என்று முடிவெடுக்கும் உங்களுக்கு எழுத இவனுக்கு என்ன தகுதி என்று தோன்றலாம். நீங்கள் வாங்கியது இருபது வருடம் கழித்து என்ன ஆகிறது என்பது கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேர்கிறது. அந்த ஒன்றுதான் தகுதி. அடுத்த முறை வாங்கும்போது திறமூல மென்பொருளை, அதாவது உள்ளே எழுதியிருக்கும் நிரலை (மூலநிரலை) யாரும் படித்துத் திருத்தக்கூடிய மென்பொருளை, யோசித்துப் பாருங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

போன ஆடி மாதம் ஓர் அலுவலகத்திலிருந்து ஒருவர் சிடி ஒன்றைக் கொண்டுவந்தார். (எந்த அலுவலகம் என்பது வேண்டாம், அவர்கள் பாவம்.) 2003-ல் வெளியிட்ட ஊர் வரலாற்று மலர், 240 பக்கம். மறுபதிப்பு போட வேண்டுமாம். "அண்ணாச்சி, ஃபைல் அப்படியே இருக்கு, பிரிண்ட் எடுத்தா போதும்" என்றார். அதை அன்று அடித்ததே நான்தான்.

சிடியில் ஒரு கீறல்கூட இல்லை. ஃபைலும் திறந்தது. ஆனால் திரையில் தமிழைக் காணோம். ஆங்கில எழுத்தும் டாலர் குறியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டிக் கிடந்தது.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இது புரியாது என்பதால் சொல்கிறேன். அந்தக் காலத்தில் எங்கள் டி.டி.பி. மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கணினி சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு கூடவே இருக்கும்வரை அது தமிழ். எழுத்துருவை எடுத்துவிட்டால் ஜே, கே, பி, ஓ மட்டும்தான் மிஞ்சும். எந்த இடத்தில் எந்த எழுத்தை வைப்பது என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பாமினியின் அட்டவணை ஊருக்கே தெரியும். அதில் அடித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து அட்டவணைக்கு) மாற்றியிருப்பேன். நான் 2003-ல் பயன்படுத்தியதோ நல்ல விலை கொடுத்து வாங்கிய சரக்கு. கணினிக்குப் பின்னால், பிரிண்டர் செருகும் இடத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு சாமான் செருகியிருக்க வேண்டும். 'லாக்' என்போம். லாக் இருந்தால்தான் எழுத்து வரும். அட்டவணையைக் கம்பெனி யாருக்கும் சொன்னதில்லை, அதுதானே அவர்கள் வியாபாரம். இப்போது அந்தக் கம்பெனியே இல்லை. லாக் மட்டும் என் மேசை டிராயரில் இருந்தது. அதைச் செருகும் வசதியுள்ள பழைய கணினி ஒன்றை ஒரு நண்பர் கடைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, உயிர் கொடுத்துச் செருகினேன். லாக் செத்துப்போயிருந்தது.

அப்புறம் என் அக்கா மகன் வந்தான். அச்சான மலரை ஒரு பக்கம் விரித்து வைத்துக்கொண்டு, இந்தக் குறிக்கு இந்த எழுத்து என்று நாங்களே அட்டவணை போட்டோம். 'ணூ' எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடினோம். 'எண்ணூறு பொன்' என்று ஒரே ஒரு வரியில் கிடைத்தது. அந்த வரியை எழுதிய வாத்தியார் இப்போது இல்லை; மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அட்டவணையை வைத்து எழுத்தை மாற்றும் நிரலை நாங்கள் முதலிலிருந்து எழுதவில்லை. 'ஓப்பன் தமிழ்' என்று பைதான் மொழியில் ஒரு நிரல் தொகுப்பு இருக்கிறது. பழைய தமிழ்க் குறியாக்கங்கள், அதாவது இப்படிப்பட்ட எழுத்து அட்டவணைகள், இருபதுக்கும் மேற்பட்டவற்றை யூனிகோடுக்கு மாற்றும் வழியை அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். எப்படி மாற்றுகிறது என்று வரிவரியாகப் படிக்கலாம். பையன் அதில் ஒன்றை நகலெடுத்து, எங்கள் அட்டவணையைப் பொருத்தினான். "யார்கிட்டயும் கேக்க வேண்டாமாடா?" என்றேன். "கேக்க வேண்டாம்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க மாமா" என்றான்.

ஃபைல் எதில் திறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அது பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தது. அச்சுத் தொழிலில் இருந்த எங்களில் பலருக்கு ஒரு காலத்தில் சோறு போட்டது பேஜ்மேக்கர்தான். 2004-ல் அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. அதன் ஃபைலைப் படிக்கும் வசதியை 2015-ல் வந்த தன் 4.4 பதிப்பிலேயே சேர்த்துவிட்டது லிப்ரெஆபிஸ் என்ற திறமூல அலுவலக மென்பொருள். அதை உருவாக்கியவர்களுக்கு பேஜ்மேக்கரால் ஒரு பைசா லாபமில்லை. கைவிடப்பட்ட ஃபைல்களைத் திறக்க வழி வேண்டும் என்று நினைத்த சிலர், அந்த வடிவத்தை உள்ளே பிரித்துப் பார்த்து எழுதியது அது. பக்க அமைப்பு கலைந்துதான் வந்தது. ஆனால் எழுத்து அத்தனையும் வந்தது.

இதையே இன்னொரு கதையோடு வைத்துப் பாருங்கள். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. திருக்குறளில் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை ஆர்வலர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் வைத்தார்கள். அப்போது அவர்கள் பயன்படுத்திய டிஸ்கி குறியாக்கமும் இன்று வழக்கொழிந்ததுதான். ஆனால் டிஸ்கி அட்டவணையைப் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் சண்டை போட்டுப் பொதுவில் உருவாக்கினார்கள், பொதுவிலேயே வைத்தார்கள். யூனிகோடு வந்ததும் நூல்கள் யூனிகோடுக்கு மாறிவிட்டன. அங்கே யாரும் 'ணூ'வைத் தேடி உட்கார வேண்டியிருக்கவில்லை. 1998-ல் அவர்கள் அடித்தது இன்றும் படிக்கக் கிடைக்கிறது, 2003-ல் நான் அடித்தது செத்துப் பிழைத்தது.

திறமூல மென்பொருள் என்றதும் உங்கள் அலுவலகங்களில் முதலில் வரும் சொல் 'இலவசம்'. நம் ஊரில் இலவசம் என்றால் என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும். ஆர்வலர்கள் ரொம்ப காலமாக 'கட்டற்ற மென்பொருள்' என்று சொல்லி வருகிறார்கள், அதுதான் பொருத்தம். காசு கொடுத்தும் வாங்கலாம், கொடுக்காமலும் வாங்கலாம். ஆனால் மூலநிரல் கையில் இருக்கும். விற்றவர் கடையைச் சாத்திவிட்டுப் போனாலும் வேறொருவர் வந்து பழுது பார்க்கலாம். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்க 1983-ல் க்னூ திட்டத்தை அறிவித்தபோது கேட்டதும் ஏறத்தாழ இதைத்தான்.

கட்டற்றது என்றால் தரம் எப்படியோ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஆண்ட்ராய்டு போனில் 'கொ' என்று தட்டிப் பாருங்கள். நீங்கள் முதலில் அடிப்பது ககரத்தை. ஆனால் திரையில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் போய் உட்காருகிறது, கால் பின்னால் வந்து நிற்கிறது. இந்த இடமாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல். குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் லிப்ரெஆபிஸிலும் அதுவேதான். இந்த மடலை நீங்கள் படிப்பதுகூட அநேகமாக அதன் தயவில்தான்.

இதற்கெல்லாம் ஆணை இல்லாமல் இல்லை. யூனிகோடுதான் தரம் என்று தமிழ்நாடு அரசு 2010-லேயே ஆணையிட்டது. அதே வருடம் மத்திய அரசு மின்னாளுகைக்குத் திறந்த தரங்கள் வேண்டும் என்று கொள்கை வகுத்தது; 2015-ல் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரவும் கொள்கை வந்தது. 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்துக்கு மாறச் சொல்லித் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களுக்கு அறிவுரை போனது. இத்தனைக்குப் பிறகும் என் கடைக்கு வரும் பென் டிரைவ்களில் பாதிக்கு மேல் பழைய எழுத்துருதான். ஆணை காகிதத்தில் இருக்கிறது, விரல் பழகியது வேறெங்கோ இருக்கிறது.

செங்கோட்டை தாண்டினால் கேரளம். அங்கே பள்ளிக்கூடக் கணினிகளில் க்னூ லினக்ஸ் ஓடுகிறது. அவர்கள் இயங்குதளத்தை மட்டும் மாற்றவில்லை. வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடப் புத்தகத்தை அதை வைத்தே எழுதினார்கள், பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வையும் அதிலேயே நடத்துகிறார்கள். ஐ.டி. அட் ஸ்கூல் என்று 2001-ல் தொடங்கி 2017-ல் 'கைட்' ஆன அந்த அமைப்பு, ஆட்சிகள் மாறியும் நிற்கிறது. மாறிவிட்டுத் திரும்பியவர்களும் உண்டு. ஜெர்மனியில் மியூனிக் நகராட்சி லினக்ஸுக்குப் போய், 2017-ல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது எனக்கும் தெரியும். அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-ல் சுமார் 30,000 கணினிகளை லிப்ரெஆபிஸுக்கு மாற்ற முடிவெடுத்தது. ஆகவே சட்டென்று நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை.

உங்கள் கூட்டங்களில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: மூலநிரலைத் திறந்து வைத்தால் திருடனும் பார்ப்பானே? பார்ப்பான்தான். 2024 மார்ச் கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். ஆன்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று அவருக்கு உறுத்தியது. நோண்டிப் பார்த்தால், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளுக்குள் ஒரு பின்வாசல். வைத்த ஆள் புனைபெயரில் வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக உழைத்து நம்பிக்கை சம்பாதித்திருந்தான். உலகத்து சர்வர்களில் பரவும் முன்பே குட்டு வெளிப்பட்டுவிட்டது. அந்த அரை நொடியைத் துரத்திக்கொண்டு போனவருக்கு உள்ளே போய்ப் பார்க்க வழி இருந்தது. என் லாக்குக்குள் யாரால் பார்க்க முடிந்தது?

ஆனால் இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு, அதை மறைத்தால் நான் உங்களை ஏமாற்றுகிறவன் ஆவேன். அந்த எக்ஸ்இசட்டை வருடக்கணக்கில் கட்டிக் காத்தவர் ஏறத்தாழ ஒரே ஆள், அதுவும் ஓய்வு நேரத்தில். சலித்துப்போயிருந்த அவரிடம்தான் அந்த ஆசாமி "நான் உதவட்டுமா" என்று வந்தான். 2014-ல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோதும் இதே கதை. இணையத்தில் பாதுகாப்பான பக்கங்களில் பெரும்பங்கு நம்பியிருந்த, தகவலை ரகசியமாக்கி அனுப்பும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூல மென்பொருளில் முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். எல்லோரும் தண்ணீர் எடுக்கும் கிணற்றுக்குத் தூர்வார ஆள் வைக்காதது யார் குற்றம்? உரிமக் கட்டணம் மிச்சமாகிறது என்பதற்காக மட்டும் திறமூலத்துக்கு மாறுவதாக இருந்தால், தயவுசெய்து மாறாதீர்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைப் பராமரிக்கிறவர்களுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள்.

எல்லாவற்றையும் நாளைக்கே மாற்றச் சொல்லவில்லை. நானே இன்னும் கலர் வேலைக்குக் காசு கட்டும் மென்பொருளைத்தான் வைத்திருக்கிறேன். அடுத்த டெண்டர் எழுதும்போது மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். தமிழில் அடிப்பது எதுவானாலும் யூனிகோடில் இருக்கட்டும். ஆவணங்களை யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய வடிவத்தில் ஒரு பிரதி தந்தாக வேண்டும் என்று எழுதுங்கள். ஓடிஎஃப் என்ற திறந்த ஆவண வடிவம் 2006 முதல் சர்வதேசத் தரம். அரசுப் பணத்தில் புதிதாக எழுதப்படும் நிரலின் மூலத்தையும் ஒப்படைக்கச் சொல்லுங்கள், ரகசியம் எதுவும் இல்லாததைப் பொதுவில் வையுங்கள். ஒப்பந்தம் முடிந்தால் தரவு எந்த வடிவத்தில் நம் கைக்கு வரும் என்று விற்க வருகிறவரைக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தடுமாறுகிறவர்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன்.

மலர் தையில் வெளியாகிவிட்டது. எங்கள் அட்டவணையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பையன் பொதுவில் போட்டுவிட்டான். அதே எழுத்துருவில் சிக்கிய ஃபைல்கள் உங்கள் பீரோக்களிலும் இருக்கக்கூடும். இருந்தால் கொண்டுவாருங்கள். 'ணூ' எங்கே இருக்கிறது என்று இப்போது எங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை டி.டி.பி. கடைக்காரன்