அடித்த கணக்கு

தண்டையார்பேட்டை,
ஞாயிறு மாலை

அன்புள்ள பாபு,

கடிதம் கிடைத்தது. உன் மகள் பத்தாவது முடித்துவிட்டாளா! இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலிதான், ஆனாலும் விடியற்காலையில் காசிமேடு போய்த் தானே மீன் பார்த்து வாங்கினால்தான் திருப்தி.

பெரிய சர்வர்களில் ஒரு ஃபைலை அழித்தும் ஏன் இடம் உடனே காலியாவதில்லை என்று கேட்டிருந்தாய். அங்கே ஃபைல் துண்டு துண்டாக இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் பெரும்பாலும் மூன்று பிரதி, மூன்று மெஷின்களில். கூகுள் தன் ஃபைல் சிஸ்டத்தைப் பற்றி 2003-ல் வெளியிட்ட கட்டுரையில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அழிக்கச் சொன்னதும் ஃபைலுக்கு ஒரு மறைவுப் பெயர் வைத்து, அழித்த நேரத்தையும் குறித்துவிடுவார்கள். மூன்று நாள் கழித்துத்தான் அந்தப் பெயரும் நீங்கும். அப்புறம் மற்ற மெஷின்கள் தம்மிடம் உள்ள துண்டுகளைத் தலைமை மெஷினிடம் ஒப்பிக்கும்போது, கணக்கில் இல்லாதவை எவை என்று பதில் வரும். அவற்றை அந்தந்த மெஷின் தன் வசதிப்படி அழித்துக்கொள்ளும்.

தலைமை மெஷினே இல்லாத கசாண்ட்ரா போன்ற டேட்டாபேஸ்களில்தான் (பல மெஷின்களில் தகவல்களைச் சேமிக்கும் மென்பொருள்) சிக்கல். அப்பா ஐஸ் வியாபாரம் பார்த்த நோட்டு உனக்கு நினைவிருக்கும். கடன் தீர்ந்தால் தாளைக் கிழிக்கமாட்டார். சிவப்பில் அடித்துத் தேதி போடுவார். கடலுக்குப் போன படகுக்காரர் பத்து நாள் கழித்துப் பழைய கணக்கோடு வந்தால், அடித்த கோடுதான் பேசும். தாளைக் கிழித்திருந்தால், 'உங்கள் நோட்டில் விட்டுப்போயிருக்கிறது' என்று அவரே மறுபடி எழுதச் சொல்லியிருப்பார். கசாண்ட்ராவும் அழித்ததற்கு அடையாளமாக ஒரு குறிப்பை எழுதிவைக்கும். அதற்கு டூம்ஸ்டோன், கல்லறைக் கல் என்று பெயர். நாம் மாற்றாதவரை 8,64,000 விநாடி, அதாவது 10 நாள் வைத்திருந்து, பிறகுதான் அதை நீக்கும். அதற்குள் எல்லா மெஷின்களையும் ஒப்பிட்டுச் சரிசெய்யும் 'ரிப்பேர்' வேலை ஒருமுறையாவது ஓடிவிட வேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் அது ஓடவில்லை. இரண்டு வாரம் நின்றுபோயிருந்த மெஷினை அப்படியே திரும்பச் சேர்த்தார்கள். கல்லறைக் கற்கள் அதற்குள் போய்விட்டன. அழித்த பதிவுகள் மற்ற மெஷின்களுக்கும் பரவி உயிரோடு எழுந்துவிட்டன. கணவர் இறந்ததால் அவர் எண்ணை நீக்கச் சொன்ன ஓர் அம்மாவுக்கு, கணவர் பெயரில் மறுபடி பில் செய்தி போயிருக்கிறது. போனில் அந்த அம்மா திட்டவே இல்லை, பாபு. "நீக்கிட்டேன்னு சொன்னீங்களே" என்றார், அவ்வளவுதான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது இருக்கும் இடத்தில் வாராவாரம் ரிப்பேர் முடிந்ததா என்று நானே பார்க்கிறேன். பத்து நாளுக்கு மேல் வராத மெஷின் என்றால், முழுக்கத் துடைத்துப் புதிதாகத்தான் சேர்க்கிறோம்.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு வா. அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
குமார்